இந்த ஊர் மேல் இருந்த பிரியம் எங்கே போனது?

கேள்வி: எனக்கு வயது 38. பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி, வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை, இப்போது குடியிருப்பது புது வண்ணாரப்பேட்டை. அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடுவதற்கு முன்பு, லீவு நாளில் என்னை சைக்கிளில் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவார். அப்போது இந்த ஊரை விட்டால் வேறு ஊரே கிடையாது என்று நினைப்பேன். இப்போது கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி எட்டாகிவிடும். கண்டெய்னர் லாரி, மணலிப் பக்கமிருந்து வரும் நாற்றம், மழை வந்தால் தெருவில் தண்ணீர். எல்லாமே எரிச்சலாக இருக்கிறது. ஆபீசில் வீடு எங்கே என்று கேட்டு, வண்ணாரப்பேட்டை என்று சொன்னதும் "அங்கேயா?" என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஏதாவது ஒரு மாலுக்குப் போய்விடுகிறோம். அவளுக்கு 11 வயது. போன வாரம் "நம்ம ஏரியாவுல பார்க்க ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நாத்தனார் குடும்பம் இருக்கும் கோயம்புத்தூருக்கே போய்விடலாம் என்கிறார் கணவர். மாமியார் வர மாட்டேன் என்கிறார். பழைய பிரியம் திரும்ப வருமா, இல்லை கிளம்பிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கோயம்புத்தூர் கேள்வியை கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதை உங்களால்தான் சொல்ல முடியும். வாயால் சொன்னால் போதாது, ஒரு நாள் முழுக்க அவளை நடத்திக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தில் பெரும்பகுதி அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போய்வந்தால், மனம் அந்த வழியில் இருப்பவற்றைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். இது யாருக்கும் நடப்பது, குறையில்லை. ஆனால் மனம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பழகிவிடுவதில்லை. லாரி ஹாரனுக்கும் விட்டுவிட்டு வரும் கெட்ட வாடைக்கும் சட்டென்று பழகாது. ஆபத்தின் அடையாளத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. தெருமுனைக் கோயிலும் காலை வெயிலும் எதிர்வீட்டுக்காரர் சிரிப்பும்தான் முதலில் கண்ணிலிருந்து மறைகின்றன. இப்படிப் பல வருடம் போனால் ஊரில் எரிச்சல் மட்டுமே மிஞ்சியிருப்பது போலத் தோன்றும். உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நீங்கள் அடுக்கியிருப்பதில் பெரும்பாலும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்தவை. இந்த ஊரின் விடியற்காலையையும் மத்தியானத்தையும் நீங்கள் பார்த்தே ரொம்ப நாளாகியிருக்கும்.

இன்னொன்று. அப்பா உங்களுக்கு இந்த ஊரின் பெருமையைப் பேசிப் புரியவைக்கவில்லை, சைக்கிளில் சுற்றிக் காட்டினார். ஊர் மேல் பிரியம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது, பிடித்த ஒருவரோடு கால் நோகத் திரிவதில். உங்கள் மகளுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் அது நின்று வெகுகாலமாகிவிட்டது.

"மனசு சரியானதும் போகலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையில், மனநலத் துறையில் இருக்கும் நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு முறை உண்டு. மனம் வரும்வரை காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த ஒரு காரியத்தை நாள், நேரம் குறித்துச் செய்வது. முதலில் கால் போகும், மனம் பின்னால் வந்து சேரும். அதனால்தான் நிதானமான ஓய்வு நாளாக இல்லாமல், நெருக்கமாக நிரப்பிய நாளாகச் சொல்கிறேன். ஓய்வு நாள் என்றால் துணி துவைப்பதிலும் போனைத் தடவுவதிலும் போய்விடும். புதிதாகப் பார்த்தவை நிறைந்த நாள், பிறகு நினைத்துப் பார்க்கும்போது நீளமாகத் தெரியும்.

சரி, நாளுக்கு வருவோம். ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு என்றால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த மாதங்கள் வேண்டாம், வெயிலும் தாங்காது. டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் அருமை.

விடியற்காலை நாலரைக்கு காசிமேடு. ஆமாம், நாலரை. மகளை எழுப்புவது கஷ்டம்தான். ஆனால் இருட்டில் அம்மாவோடு ஆட்டோ ஏறிப்போனதை அவள் மறக்கவே மாட்டாள். நல்ல செருப்பு வேண்டாம், தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும்தான். விசைப்படகுகள் வரிசையாக நிற்கும், கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் விடுபவர் சொல்லும் தொகை உங்கள் காதில் விழுவதற்குள் கூடை கைமாறியிருக்கும். ஓரமாக நின்று பாருங்கள், சுமை தூக்குபவர்கள் வழியில் நிற்காதீர்கள். சங்கரா, வஞ்சிரம், வவ்வால், காரப்பொடி, நெத்திலி, கடம்பா என்று ஒவ்வொன்றையும் மகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியாத மீன் இருந்தால் விற்கும் அம்மாவிடமே கேட்கலாம். எந்த மீனைக் குழம்பு வைக்கலாம், எதை வறுக்கலாம், எதைப் புட்டு செய்யலாம் என்று சொல்லித்தராமல் அவர்கள் விடமாட்டார்கள். உங்கள் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பா திறக்கிறார்களே, அதில் இருக்கும் மீன் வறுவல் இங்கே விடியற்காலையில் ஏலம் போனதாகவும் இருக்கலாம். அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

கொஞ்சம் மீன் வாங்கி, அங்கேயே சுத்தம் செய்து, வீட்டுக்கு வந்து மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். மத்தியானக் குழம்பு அவர் பொறுப்பு. ஊரை விட்டு வரமாட்டேன் என்று அவர் சொல்வதற்குக் காரணம் கேட்டீர்களா? அந்த நாளின் ஒரு பகுதி அவர் கையில் இருப்பது நல்லது.

குளித்துவிட்டு ஏழரைக்கு மறுபடி கிளம்புங்கள். கல்மண்டபம் பக்கம் இட்லியை முடித்துக்கொண்டு ராயபுரம் ரயில் நிலையம் போங்கள். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கமுள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டது. அன்று சென்ட்ரல் கிடையாது, அது 1873-இல் வந்தது. எழும்பூர் நிலையம் 1908-இல். ரயில் ஏற வேண்டும் என்றால் இந்த ஊரே ராயபுரத்துக்குத்தான் வரவேண்டும். நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, டிக்கெட் எடுத்து, கடற்கரை நிலையம் வரை ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம் போங்கள். தூரம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் 1856-இலிருந்து ரயில் ஓடும் இடத்தில் உங்கள் மகளும் ரயில் ஏறியதாக ஆகும், அதற்காக.

இறங்கி, ஜார்ஜ் டவுனுக்குள் நடங்கள். சனிக்கிழமை என்பதால் மூட்டைகளும் மீன்பாடி வண்டிகளும் வழியை அடைக்கும். பரவாயில்லை, அவசரமில்லாத நாளில் அது வேடிக்கைதான். அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1772-இல் எழுந்தது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் நம் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மாவோன்யன் இந்தத் தேவாலய வளாகத்தில்தான் அடக்கம். ஒரு கல்லறையின் எழுத்துகளைக் காட்டி, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் இந்தத் தெருவில் கடை போட்டு, கும்பிட்டு, பத்திரிகை நடத்தி, இங்கேயே மண்ணாகியிருக்கிறார்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். "அங்கேயா?" என்று கேட்பவர்கள் அந்தச் சுற்றுச்சுவருக்குள் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் தேவலை. மதியத்துக்குள் போய்விடுங்கள், பிறகு பூட்டியிருக்கக்கூடும்.

பக்கத்தில் தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள். சத்ரபதி சிவாஜி 1677-இல் வந்து வழிபட்டதாகச் சொல்வார்கள். சுதேசமித்திரனில் வேலை பார்த்த நாட்களில் பாரதியார் இங்கே வந்துபோனவர். கும்பிட்டுவிட்டு மண்ணடி மெட்ரோவுக்கு வந்துவிடலாம். தங்கசாலையும் சௌகார்பேட்டையும் ஆசை காட்டும். அன்று வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு நாள் தேவை. எம்.சி. ரோட்டுப் பக்கமும் திரும்பாதீர்கள். துணிக்கடைக்குள் நுழைந்தால் நாள் முடிந்தது.

மண்ணடியிலிருந்து வீட்டுக்கு மெட்ரோவில் வரும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். தண்டையார்பேட்டை வரை சுரங்கம். அது தாண்டியதும் ரயில் மேலேறி வெளிச்சத்துக்கு வரும். உங்கள் தெருவை மேலிருந்து பார்க்கும் வசதி உங்கள் அப்பாவுக்கு வாய்க்கவில்லை, இந்தப் பாதை திறந்ததே 2021 பிப்ரவரியில்தான். வீட்டில் சுடச்சுட மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கட்டாயம் தூங்குங்கள்.

நாலு மணிக்கு மறுபடி மெட்ரோ, இந்த முறை வடக்கே, திருவொற்றியூர் தேரடி வரை. தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மனும் உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த முறை அவசரமாக அர்ச்சனை முடித்துத் திரும்பாதீர்கள். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்தது இந்த ஊரில். "உன்னைப் பிரியேன்" என்று அவர் சத்தியம் செய்தது மகிழ மரத்தடியில். பிறகு ஊரை விட்டுப் புறப்பட்டதும் கண்ணிழந்தார் என்பது பெரியபுராணக் கதை. மகளுக்குப் பிடித்துப்போகும், நிறையக் கேள்வி கேட்பாள். எனக்கு அதைவிட நெருக்கமான கதை கலிய நாயனாருடையது. இந்தத் திருவொற்றியூரில் செக்கு ஓட்டிய எண்ணெய் வியாபாரி. கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவதையே தொண்டாகச் செய்தவர். செல்வம் எல்லாம் போய், கூலி வேலைக்குப் போயும் விளக்கை அணையவிடவில்லை. கடைசியில் எண்ணெய்க்கு வழியில்லாமல் தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்தார் என்பார்கள். அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடப்படுகிறார் இந்த வடசென்னைத் தொழிலாளி. இருட்டுவதற்குள் ஆட்டோ பிடித்து பட்டினத்தார் சமாதிக்கும் கடலுக்கும் போய்வந்துவிடுங்கள். கையிலிருந்த கசக்கும் பேய்க்கரும்பு இனித்த இடத்திலேயே நின்றுவிட்டவர் அவர்.

ராத்திரிச் சாப்பாடு மண்ணடிக்குத் திரும்பிப்போய் செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ. அலைச்சல்தான், ஆனால் மெட்ரோவில் உட்கார்ந்துகொண்டே போய்விடலாம். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். மகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். வேறு மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இந்த ஊர் ஒரு தெருவோரத்தைக் கொடுத்தது என்பது தட்டில் இருக்கும்போது விளக்கம் தேவைப்படாது.

அன்று ஆபீஸ் போன் எடுக்கக்கூடாது. போட்டோ எடுக்கும் வேலை மகளுடையது. கணவரையும் கூப்பிடுங்கள், வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் நீங்கள் இருவரும் கிளம்புங்கள். ஒன்றிரண்டு இடம் விட்டுப்போனாலும், எங்காவது கோபம் வந்து மகளைத் திட்டிவிட்டாலும் அந்த நாள் வீண் இல்லை. பிரியம் வந்துவிட்டதா என்று நடுநடுவே மனதைத் தொட்டுப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால் எதுவும் பிடிக்காது.

"அங்கேயா?" என்ற கேள்வியைப் பற்றி. இது உங்களை நீங்கள் எழுதியிருப்பதைவிட அதிகமாகக் காயப்படுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வரும் வடசென்னை இளைஞர்கள் பலர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரி எழுதத் தயங்குகிறார்கள். அடிக்கடி கேட்கும் இழிவுப் பேச்சு மெல்ல உள்ளே போய் நம் சொந்தக் கருத்து போல உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் தெற்கே போவதில் கொஞ்சம் அதுவும் இருக்கலாம், யோசித்துப் பாருங்கள். இந்த நகரத்தின் துறைமுகம் இங்கே, மின்நிலையங்கள் இங்கே, சென்னையின் பல பகுதிகளிலிருந்து குப்பை வந்து சேரும் கொடுங்கையூரும் இங்கே. வந்தே பாரத் ரயில் முதலில் உருவானது பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில். உங்கள் அப்பா வேலை பார்த்த பின்னி மில் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. இதெல்லாம் மகளுக்குத் தெரிய வேண்டும், தாத்தாவின் கதையாகவே சொல்லலாம். அப்புறம், 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா உங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அடுத்த முறை ஆபீசில் கேட்டால், "ஆமா, அங்கேதான்" என்று சொல்லி அவர்கள் முகத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

ஆனால் ஒன்று. நாற்றம் உங்கள் மனப்பிரமை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி அமோனியா வாயு கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடியதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு நாள் சுற்றிப்பார்ப்பது காற்றைச் சுத்தமாக்காது. ஊர் மேல் பிரியம் இருப்பவர்கள்தான் அதற்காக மனு எழுதுகிறார்கள், கூட்டத்துக்குப் போகிறார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு அடிக்கடி இளைப்பு, தொடர் இருமல் இருக்கிறதா? இருந்தால் முதலில் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். இடம் மாறுவது நல்லது என்று அவர் சொன்னால் தயங்காமல் மாறுங்கள். குழந்தையின் மூச்சுக்கு முன்னால் பிறந்த ஊர் பெரிதில்லை.

அப்படி இல்லையென்றால், கோயம்புத்தூர் முடிவை அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் சில வாரம் கழித்து எடுங்கள். களைப்பில் எடுத்த முடிவு பெரும்பாலும் களைப்பையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். உங்கள் களைப்பில் பாதி கிண்டிப் பயணம் என்றால், அங்கே போயும் பன்னிரண்டு மணி நேர நாள் என்றால் என்ன மாறும்? வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டுப் பார்த்தீர்களா? அங்கே உங்களுக்கு வேலை, மகளுக்குப் பள்ளி, மாமியாருக்குப் பேச்சுத்துணை என்று மூன்றையும் தாளில் எழுதிவைத்துக் கணவரோடு பேசுங்கள். இதையெல்லாம் பேசிய பிறகு கிளம்புவதென்றால், கிளம்புங்கள். அது இந்த ஊருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

எரிச்சல் ஊர் மேல் மட்டும்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, பாட்டு, மகளின் பேச்சு என்று முன்பு பிடித்த எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் மாறியிருந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலோ, இந்தச் சுற்றுலாவெல்லாம் அப்புறம். மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

வேறொன்றுமில்லையென்றால், இன்றே மகளிடம் தேதியைக் குறிக்கச் சொல்லுங்கள். காலண்டரில் அவள் கையால் எழுதிவிட்டால், நாலரைக்கு உங்களை எழுப்பப்போவது அவளாகத்தான் இருக்கும்.